சொந்த விமானம் இருந்தால் எல்லை இல்லையா?

2019 டிசம்பர் 29, இரவு பதினொரு மணிக்கு மேல். ஜப்பானின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து ஒரு தனியார் ஜெட் இஸ்தான்புல்லுக்குக் கிளம்பியது. பயணிகளாக ஏறியவர்கள் இரண்டு பேர். மூன்றாமவர் ஒலிச் சாதனங்கள் வைக்கும் பெரிய பெட்டிக்குள் சாமானோடு சாமானாகக் கிடந்தார். மூச்சுவிடப் பெட்டியின் அடியில் துளைகள். நிஸான் கார் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் கார்லோஸ் கோன், 150 கோடி யென் கட்டி ஜாமீனில் இருந்தவர்.

அப்படியென்றால், ஜெட் வைத்திருப்பவருக்கு எல்லைச் சோதனையே கிடையாதா? உண்டு. விமான நிலையத்தில் நடப்பவை இரண்டு வேறு சோதனைகள். ஒரே வரிசையில் நகர்கிற நமக்குத்தான் அவை ஒன்றாகத் தெரிகின்றன. பாஸ்போர்ட் பார்ப்பது, யார் வருகிறார், யார் போகிறார் என்று நாடு தெரிந்துகொள்வதற்காக. இதில் பணக்காரருக்கு மிச்சமாவது வரிசையில் நிற்கும் நேரம்தான். இன்னும் சொன்னால், தரையிறங்கும் முன்பே அவர் பெயர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்: அமெரிக்காவுக்குப் பறக்கும் தனியார் விமானம், புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது பயணிகள் பட்டியலை மின்வழியில் அனுப்பியாக வேண்டும்.

எக்ஸ்ரே சோதனை வேறு. அது பயணிகளிடமிருந்து விமானத்தைக் காப்பதற்கு. தானே ஏறும் விமானத்துக்கு யாராவது குண்டு வைப்பாரா? அந்த நம்பிக்கையில், தனியார் ஜெட்டில் ஏறும் சாமான்களைச் சோதிப்பதா வேண்டாமா என்பதை ஜப்பான் அன்று விமானத்தை இயக்குபவர்களிடமே விட்டிருந்தது. கணக்கு என்னவோ சரிதான். பெட்டிக்குள் குண்டுக்குப் பதில் ஆள் இருப்பார் என்றுதான் யாரும் நினைக்கவில்லை. கன்சாயில் இருந்த எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் அந்தப் பெட்டி நுழையாது. திறந்தும் பார்க்கவில்லை. பாதுகாப்புச் சோதனையில் கொடுத்த சலுகை, குடிவரவுச் சோதனையையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டது.

இஸ்தான்புல்லில் இறங்கியவர் துருக்கியின் குடிவரவு மேசைக்கே போகாமல் வேறொரு ஜெட்டில் ஏறி பெய்ரூட் சேர்ந்தார். அங்கே பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டைக் காட்டி முறைப்படிதான் நுழைந்தார் என்றது லெபனான். ஜப்பானின் குடிவரவுப் பதிவேட்டிலோ அவர் வெளியேறியதாக ஒரு வரிகூட இல்லை!

அடுத்த மாதமே ஹனேடா, நரிட்டா, சூபு, கன்சாய் நிலையங்களில் தனியார் ஜெட்டின் பெரிய சாமான்களுக்குச் சோதனை கட்டாயமானது. துருக்கி நீதிமன்றம் 2021-இல் இரு விமானிகளுக்கும் ஜெட் நிறுவன அலுவலர் ஒருவருக்கும் நான்கு ஆண்டு இரண்டு மாதம் சிறைத்தண்டனை விதித்தது. லெபனான் தன் குடிமக்களை வேறு நாட்டிடம் ஒப்படைப்பதில்லை. கோன் லெபனான் குடிமகனும்கூட; அங்கேயே தங்கிவிட்டார்.