அரிப்புக் கரையில் மாணவர்

மன்னாருக்குத் தெற்கே, அரிப்புக் கரைக்குக் கல்விச் சுற்றுலாச் செல்லும் மாணவர் காண்பது இடிந்த செங்கற் சுவர்களையே. இலங்கையின் முதல் பிரித்தானிய தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் (1798–1805) முத்துக்குளிப்பை மேற்பார்வையிடக் கட்டுவித்த டொறிக் மாளிகை அது.

எதிரேயுள்ள கடலடியிற் சிப்பிகள் வளரும் பார்கள் உள்ளன. குளிகாரர் கல்லின் பாரத்தால் மூழ்கி, மூச்சு அடங்குமுன் சிப்பிகளை வாரினர். அவற்றைக் கரையிற் குவித்து அழுகவிட்டுக் கழுவியே முத்தெடுத்தனர். அந்த நாற்றத்தை நினைப்போர்க்கு முத்துமாலையின் வெண்மை வேறாய்த் தோன்றும்! ஓராண்டு நிறைந்திருக்கும் சிப்பி, பின் பல்லாண்டு காணப்படாது.

இன்று கடல் மாளிகையின் மேட்டையே அடியோடு அரிக்கிறது. ஊர்ப்பெயரும் அரிப்பு! மாணவர் சுவருக்கும் மேட்டின் விளிம்புக்கும் இடையிலான தூரத்தை அளந்து குறித்தல் நன்று. அடுத்த வகுப்பினர் வரும்போது அது குறைந்திருக்கக்கூடும்.