முந்தக் கூடாது!

"பிரான்ஸுக்குப் போய் சைக்கிள் ஓட்டப் போறேன்" என்றதும் என் மனைவி கேட்டாள்: "ஏன், அங்கே பஸ் ஓடாதா?"

ஓடும். ரயிலும் ஓடும். இருந்தாலும் ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஆறு மணிக்கு, பாரிஸுக்குத் தென்மேற்கே ராம்பூய்யே என்ற ஊரில் வாடகை சைக்கிளோடு நின்றேன். அங்கே வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பனின் உபயம்! ஷார்த்ர் வழியாக ஷாதோதான் போய்த் திரும்ப வேண்டும். மொத்தம் 200 கிலோமீட்டர். சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போய், அதற்கு மேலும் ஐம்பது கிலோமீட்டர் மிதிப்பது மாதிரி.

இருபத்திரண்டு பேர். பாதிப் பேருக்குத் தலை வெள்ளை. 'இந்தத் தாத்தாக்களைப் பத்து நிமிஷத்தில் ஓரங்கட்டிவிடலாம்' என்று மனசுக்குள் தொடை தட்டினேன்.

"இது ரேஸ் இல்லடா" என்றான் நண்பன். "முன்னால போறாரே, அவர் கேப்டன். அவரை யாரும் முந்தக் கூடாது. எல்லாருக்கும் ஒரே வேகம். மணிக்கு இருபத்திரண்டரை."

இந்த முறைக்கு 'ஆடாக்ஸ்' என்று பெயர். லத்தீனில் துணிச்சல்காரன் என்று அர்த்தம். 1897ல் சில இத்தாலியர்கள் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு, சூரியன் உதித்து மறைவதற்குள் சைக்கிளில் போய்க் காட்டியதுதான் ஆரம்பம். 1904ல் இதைப் பிரான்ஸில் தொடங்கி வைத்தவர் ஆன்ரி தெக்ரான்ஜ். யார் இவர்? அதற்கு முந்தைய வருஷம்தான் 'தூர் தெ பிரான்ஸ்' பந்தயத்தைத் தொடங்கியவர்! முந்துவதற்கு ஒன்று, முந்தாமல் இருப்பதற்கு ஒன்று. மனுஷர் இரண்டு கடையும் போட்டிருக்கிறார்.

மேந்த்னோனில் ஒரு மாளிகை. பக்கத்திலேயே பாதியில் நிற்கும் பிரம்மாண்டமான கல் வளைவுகள். வெர்சேல்ஸ் அரண்மனை நீரூற்றுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோக 14ஆம் லூயி மன்னர் கட்ட ஆரம்பித்தது. 1688ல் சண்டை வந்தது, வேலை நின்றது. பி.காம். படித்தவன் என்பதால் அந்தச் செலவுக் கணக்கை நினைத்துக் கண் கலங்கினேன்.

ஷார்த்ரைத் தாண்டினால் போஸ் சமவெளி. பிரான்ஸின் தஞ்சாவூர்! நெல்லுக்குப் பதில் கோதுமை. மரமில்லை, நிழலில்லை, காற்றுக்குத் தடையில்லை. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் போகிறவருக்கு உழைப்பு மிச்சம். அதனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி இருக்காது. பின்னால் இருப்பவருக்கு ரோடு தெரியாது. பள்ளம் வந்தால் முன்னால் இருப்பவர் கையைக் காட்டுவார். அது வால் வரைக்கும் கை மாறிப் போகும்.

ஷாதோதானில் மதியச் சாப்பாடு. எங்கே பார்த்தாலும் பன்றி இறைச்சி சாண்ட்விச். நான் சைவம். நண்பனின் மனைவி கட்டிக் கொடுத்த புளியோதரை முதுகுப் பாக்கெட்டில் இருந்தது. ஆனால் அத்தனை வெள்ளைக்காரர்கள் நடுவில் பொட்டலத்தைப் பிரிக்கக் கூச்சம். "எனக்குப் பசியில்லை" என்று சொல்லி ஒரு காப்பியோடு எழுந்தேன்.

வரவில்லாமல் செலவு செய்தால் என்ன ஆகும்? 130ஆவது கிலோமீட்டரில் திவால்! தூரத்தில் ஷார்த்ர் தேவாலயத்தின் கோபுரங்கள் தெரிந்தன, நெட்டையும் குட்டையுமாக. அரை மணி மிதித்தும் கிட்டே வரவில்லை. கை நடுங்கியது. கண்ணில் பூச்சி பறந்தது. பின்னால் வந்த பெரியவர், எழுபது வயதிருக்கும், "ஓகே?" என்றார். ஆபீஸில் பத்து வருஷம் 'நோ பிராப்ளம் சார்' சொல்லிப் பழகிய வாய். "ஓகே" என்றேன்.

அடுத்த நிமிஷம் என் முன் சக்கரம் நண்பனின் பின் சக்கரத்தை உரசியது. வண்டி ஆடியது. விழுந்தே விட்டேன் என்று நினைத்தபோது, முதுகில் ஒரு கை பலமாகப் பதிந்து நேராக நிறுத்தியது. அந்தப் பெரியவர்தான். சத்தம் கொடுத்தார். அடுத்த கிராமத்தில் மொத்தக் கூட்டமும் நின்றது.

நின்ற இடம், கல்லறைத் தோட்டம்! பூச்செடிக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். 'குடிக்கக் கூடாது' என்று போர்டு இல்லாவிட்டால் சைக்கிள்காரர்கள் பாட்டிலை நிரப்பிக்கொள்வார்கள். கொஞ்சம் தவறியிருந்தால் எங்களில் சிலரை அங்கேயே இறக்கி வைத்திருக்கலாம்.

பெரியவர் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினார். நண்பன் மொழிபெயர்த்தான்: "களைச்சுப் போறது தப்பில்லையாம். சொல்லாம மறைக்கிறதுதான் தப்பாம். நீ விழுந்தா உன் பின்னால ஒன்பது பேரு விழுவாங்கன்னு திட்டறார்."

வெட்கத்தோடு பொட்டலத்தைப் பிரித்தேன். பெரியவர் எட்டிப் பார்த்தார், கையை நீட்டினார். ஒரு வாய் புளியோதரை உள்ளே போனதும் மிளகாய் தன் வேலையைக் காட்டியது. கண்ணில் தண்ணீர் வர, "ஓகே?" என்று நான் கேட்டேன்.

"நோ!" என்றார், குழாயைப் பார்த்து ஓடியபடி. அவர் மறைக்கவில்லை, பாருங்கள்!

மாலை ஆறே முக்காலுக்கு இருபத்திரண்டு பேரும் ராம்பூய்யே திரும்பினோம். ராத்திரி போனில் மனைவி கேட்டாள்: "எத்தனாவதா வந்தீங்க?"

"எல்லாரும் ஒண்ணாத்தான் வந்தோம்."

"அப்போ நீங்க முதலா, கடைசியா?"

"ரெண்டும்தான்" என்றேன். இந்த முறை உண்மையைச் சொன்னேன்.