டி மார்கன் மதுரைக்காரர்... ஜக்கார்டு அட்டை சேத்துப்பட்டுக்காரர்களுக்குப் பழக்கம்!

திருவண்ணாமலை மாவட்டம் சேத்துப்பட்டில், ஆரணிப் பட்டு நெய்யும் குடும்பத்திலிருந்து கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போகும் பிள்ளை சீக்கிரமே ஒரு பெயரைச் சந்தித்துவிடும்: டி மார்கன். அவர் பெயரில் இரண்டு விதிகள். மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மார்க் வாங்கியதோடு மறந்துவிடுவார்கள். அந்த மனிதர் பிறந்தது நம் மதுரையில் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அகஸ்டஸ் டி மார்கன் 1806-ல் மதுரையில் பிறந்தார். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. பிறந்த கொஞ்ச நாளிலேயே வலது கண் பார்வை போய்விட்டது. இருந்தும் இளம் வயதிலேயே லண்டனில் கணிதப் பேராசிரியர் ஆனார். புல்லாங்குழலும் நன்றாக வாசிப்பார்.

அவரிடம் டியூஷன் படித்தவர்தான் அடா லவ்லேஸ். கவிஞர் பைரனின் மகள், பிறந்தது 1815-ல். அப்பாவைப் போல மகளும் ஆகிவிடக் கூடாதே என்று பயந்த அம்மா, சின்ன வயதிலேயே கணக்குப் பாடத்தில் இறக்கிவிட்டார். ஆனால் கற்பனையை யார் பூட்டிவைப்பது? பன்னிரண்டு வயதில் பறக்கும் இயந்திரம் செய்யத் திட்டம் போட்டது அந்தப் பெண். பிறகு ஹார்ப் இசையிலும் ஈடுபாடு. 1840-ல் டி மார்கனின் பாடம் தொடங்கியது. பெரும்பகுதி கடிதத்தில்தான். புரியாத இடத்தில் அடா லேசில் விடமாட்டார். கேள்விக்கு மேல் கேள்வி.

1843-ல், சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரம் பற்றிய ஒரு கட்டுரையை அடா மொழிபெயர்த்தார். கூடவே அவர் சேர்த்த குறிப்புகள், மூலக் கட்டுரையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம்! எண்களை மட்டுமல்ல, விதிகளாக மாற்ற முடிந்தால் இசையைக்கூட அந்த இயந்திரம் கையாளும் என்றார். அதற்கு உதாரணமாக அவர் காட்டியது பூவும் இலையும் நெய்யும் ஜக்கார்டு தறியை. பாபேஜும் தன் இயந்திரத்துக்குத் துளையிட்ட அட்டைகளைத் தறியிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்.

ஜக்கார்டு என்றதும் நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பெட்டிதானே! அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் ஊசி பின்னால் தள்ளப்படும், இழை கீழேயே கிடக்கும். தூக்கு, தூக்காதே. கம்ப்யூட்டரின் ஒன்றும் பூஜ்ஜியமும் இவ்வளவுதான். பள்ளிக்கூடம் பார்க்காத நெசவாளி தினமும் இதோடுதான் வேலை செய்கிறார். ‘எனக்கு என்னப்பா தெரியும், நீ படிச்சவன்’ என்று மகனிடம் அவர் ஒதுங்குவதுதான் வருத்தம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. 1844-ல் டி மார்கன் அடாவின் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மாணவியின் திறமையை வாயாரப் புகழ்ந்துவிட்டு, இவ்வளவு ஆழமான கணக்கைப் பெண்ணின் உடம்பு தாங்குமா என்றும் கவலைப்பட்டார். அத்தனை பெரிய வாத்தியாருக்கும் அந்தக் காலத்துக் கண்ணாடிதான்! ‘பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இவ்ளோ படிப்பு’ என்ற குரல் நம் தெருக்களிலும் இன்னும் முழுசாக ஓயவில்லை.

2021-ல் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்கள். அதுபோல இன்று தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் கம்ப்யூட்டர் மாணவிக்குப் பழைய ஜக்கார்டு அட்டையே போதும். டி மார்கன் விதியையும் சேலையிலேயே விளக்கலாம். ‘பட்டும் ஜரிகையும் சேர்ந்த சேலை வேண்டாம்’ என்றால், பட்டு இல்லாததும் சரி, ஜரிகை இல்லாததும் சரி. அவ்வளவுதான் விதி!

அப்புறம் கட்டம் போட்ட தாளைக் கொடுத்து ஒரு சின்ன மாங்காய் புட்டா வரையச் சொல்லலாம். ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. நிரப்பிய கட்டத்தில் துளை. ஒரு துளை தவறினாலும் புட்டாவின் ஓரம் பிசகும். அது எந்த அட்டையில் என்று கண்டுபிடிக்கும் வித்தையை, கம்ப்யூட்டர் படிக்கிற அக்காவைவிடத் தறியில் உட்கார்ந்திருக்கும் அப்பா வேகமாகச் சொல்லிக்கொடுப்பார்.