வேல்ஸ் கரையோரக் கடற்பறவைகள்: எண்ணிப் பார்ப்பதால் என்ன பயன்?

பறவை பார்ப்பது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் பலர். கழுத்தில் தொலைநோக்கி, மடியில் ஒரு குறிப்பேடு, பக்கத்தில் ஒரு குடுவை தேநீர். கொட்டும் மழையிலும் கடலையே பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் மனிதரைக் கண்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று பறவைகளை எண்ணி எழுதி வைப்பதால் யாருக்கு என்ன இலாபம்? பறவைக்காவது ஏதேனும் நன்மை உண்டா?

இந்தக் கேள்விக்கு விடை தேட உகந்த இடம் பிரிட்டனின் மேற்குப் பகுதியில் உள்ள வேல்ஸ் நாடு. மூன்று பக்கம் கடல் சூழ்ந்த இந்தச் சிறிய நாட்டின் கரையோரத்தில், ஏறக்குறைய நூறு ஆண்டுகளாகச் சிலர் விடாமல் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு என்ன சாதித்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

தீவுகளே தாய்வீடு

வேல்ஸின் தென்மேற்கு மூலையில் பெம்புரோக்‌ஷர் மாவட்டம் இருக்கிறது. அதன் கரைக்கு அப்பால் ஸ்கோமர், ஸ்கோகம், கிராஸ்ஹோம், ராம்சி என்று சில தீவுகள் உள்ளன. ஸ்கோமர் தீவின் பரப்பு சுமார் மூன்று சதுர கிலோமீட்டர்தான். சிங்கப்பூரின் உபின் தீவில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஆனால் 2018ஆம் ஆண்டு எடுத்த கணக்கெடுப்பின்படி அந்தச் சின்னஞ்சிறு தீவில் சுமார் 3,50,000 இணை மேங்ஸ் ஷியர்வாட்டர் பறவைகள் கூடு வைத்திருந்தன. உலகில் உள்ள இந்த இனப் பறவைகளில் பாதிக்கும் மேற்பட்டவை வேல்ஸ் நாட்டுத் தீவுகளில்தான் குஞ்சு பொரிக்கின்றன.

இவ்வளவு பறவைகள் இருந்தும், பகலில் ஸ்கோமருக்குச் செல்லும் பயணி ஒரு ஷியர்வாட்டரைக்கூடக் காணாமல் திரும்பி வரலாம். காரணம், இவை முயல் வளைகளிலும் மண்பொந்துகளிலும் வாழ்பவை. கால்கள் உடலின் பின்பகுதியில் அமைந்திருப்பதால் நீந்தவும் மூழ்கவும் அவை உதவுமே தவிர, நிலத்தில் நடக்க உதவா. தரையில் தவழ்ந்து செல்லும் இந்தப் பறவையைப் பெரிய கடற்காகங்கள் எளிதாகக் கொன்று தின்றுவிடும். ஆகவே இருட்டிய பிறகுதான் அது கரைக்கு வரும். நிலவில்லாத இரவுகளில் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கி, குழந்தை அழுவதைப் போலவும் பேய் அலறுவதைப் போலவும் குரல் எழுப்பும். முதல் முறை கேட்பவருக்கு உடல் சிலிர்த்துவிடும்.

பகலில் பயணிகளின் மனத்தைக் கவர்வது பஃபின். கருப்புச் சட்டையும் வெள்ளை வயிறும், பல வண்ணம் பூசிய அலகும் கொண்ட இந்தச் சிறு பறவை, வாய் நிறையச் சிறு மீன்களைக் கவ்விக்கொண்டு மனிதர்களின் காலடியிலேயே ஓடித் தன் பொந்துக்குள் நுழையும். இந்தப் பொந்துகள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காகவே, பயணிகள் பாதையை விட்டு ஓரடிகூட விலகக் கூடாது என்ற கண்டிப்பான விதி அங்கு உண்டு.

கடிதத்தை முந்திய பறவை

இந்தக் கணக்கின் கதை 1927இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ரொனால்டு லாக்லி என்ற வேல்ஸ் இளைஞர், யாரும் குடியிராத ஸ்கோகம் தீவைக் குத்தகைக்கு எடுத்துக் குடியேறினார். முயல் வளர்த்துப் பிழைக்கலாம் என்பது அவருடைய எண்ணம். அது கைகூடவில்லை. கரை தட்டிய கப்பலின் மரங்களைக் கொண்டு பாழடைந்த பண்ணை வீட்டைச் செப்பனிட்டுக்கொண்டு, வீட்டைச் சுற்றிலும் வாழ்ந்த பறவைகளைக் கவனிக்கத் தொடங்கினார். 1933இல் பிரிட்டனின் முதல் பறவை ஆய்வகத்தை அங்கேயே நிறுவினார்.

லாக்லி செய்த சோதனை எளிமையானது. ஷியர்வாட்டரின் காலில் எண் பொறித்த வளையம் ஒன்றை மாட்டி, தொலைதூரம் கொண்டு சென்று பறக்கவிட்டால் அது வீடு திரும்புமா? இத்தாலியின் வெனிஸ் நகரில் விட்டுப் பார்த்தார்கள். திரும்பி வந்தது. 1952இல் ஓர் அமெரிக்க இசைக்கலைஞர் ஒரு பறவையைப் பெட்டிக்குள் வைத்து விமானத்தில் பாஸ்டன் நகருக்கே கொண்டு சென்று, விமான நிலையத்தின் அருகே பறக்கவிட்டார். அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, சுமார் 5,000 கிலோமீட்டர் பறந்து, பன்னிரண்டரை நாளில் அது ஸ்கோகம் தீவில் தன் சொந்தப் பொந்துக்கே வந்து சேர்ந்தது. 'பறவையை இன்ன நாளில் விட்டேன்' என்று அவர் எழுதிய கடிதம் அதற்குப் பிறகே தீவுக்கு வந்தது!

காலில் வளையம் இல்லாதிருந்தால், வந்தது அதே பறவைதான் என்று யாரால் சொல்லியிருக்க முடியும்? பறவையைக் குறித்து வைப்பதன் முதல் பயன் இதுதான். ஒரு கூட்டமாகத் தெரிந்த பறவைகள், தனித்தனி வரலாறு உள்ள உயிர்களாகத் தெரியத் தொடங்கின.

வேல்ஸின் வடமேற்கில் உள்ள பார்ட்சி தீவில் 1957இல் வளையம் மாட்டப்பட்ட ஒரு ஷியர்வாட்டர், 2003இலும் மீண்டும் 2008இலும் அதே தீவில் பிடிபட்டது. வளையம் இடும்போதே அது வளர்ந்த பறவை. அப்படியானால் ஐம்பது வயதைத் தாண்டிய பறவை அது. இந்த இனம் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் தென் அமெரிக்காவின் பிரேசில், அர்ஜெண்டினா கடற்பகுதிக்குச் சென்று, வசந்தத்தில் திரும்பி வருகிறது. சில கிராம் எடையே உள்ள ஒளிப்பதிவுக் கருவிகளைக் காலில் கட்டி, பகல் நீளத்தைக் கொண்டு பறவை இருக்குமிடத்தைக் கணக்கிட்டு, இந்தப் பயணத்தின் வழியையும் ஆய்வாளர்கள் அறிந்துகொண்டார்கள். இதில் வியப்பு என்னவென்றால், குஞ்சுக்கு வழிகாட்டத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. அவை முன்னதாகவே புறப்பட்டுப் போய்விடும். தனித்து விடப்பட்ட குஞ்சு ஓர் இரவு பொந்திலிருந்து வெளியே வந்து, தான் ஒருபோதும் கண்டிராத நாட்டை நோக்கிப் பறக்கிறது.

ஐம்பதாண்டுக் கணக்கு சொன்ன செய்தி

அடுத்து கில்லிமோட் என்ற பறவை. கூடு கட்டாமல், செங்குத்துப் பாறையின் விளிம்பில் ஒரே ஒரு முட்டையிடும் பறவை இது. மூன்று வாரமே ஆன குஞ்சு, சரியாகப் பறக்கத் தெரியாத நிலையில், கடலில் இருந்து தந்தை கொடுக்கும் குரலை நம்பிப் பாறையிலிருந்து குதித்துவிடும்.

1930களில் ஸ்கோமரில் ஏறத்தாழ 1,00,000 கில்லிமோட்கள் இருந்தன. 1970களின் தொடக்கத்தில் சுமார் 2,000 மட்டுமே எஞ்சின. இரண்டாம் உலகப் போரில் மூழ்கடிக்கப்பட்ட கப்பல்களிலிருந்து கசிந்த எண்ணெய் இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. 1972இல் டிம் பர்க்ஹெட் என்ற ஆய்வாளர் அங்கே கில்லிமோட்களை எண்ணத் தொடங்கினார். மாணவராகத் தொடங்கியவர் பேராசிரியரான பின்னும் நிறுத்தவில்லை. எண்ணிக்கை மெல்ல மெல்ல உயர்ந்து 20,000ஐத் தாண்டியதை அவருடைய குறிப்பேடுகள் காட்டின.

நாற்பது ஆண்டுகள் ஆனபோது, இந்த ஆய்வுக்குக் கிடைத்து வந்த பொது நிதி நிறுத்தப்பட்டது. 'எண்ணியது போதும், இனி என்ன புதிதாகத் தெரியப் போகிறது?' என்று கேட்பதற்கு இடமிருந்தது. ஆனால் 2014இன் தொடக்கத்தில் அட்லாண்டிக் கரையைப் புயல்கள் அடுத்தடுத்துத் தாக்கின. மேற்கு ஐரோப்பாவின் கரைகளில் 50,000க்கும் மேற்பட்ட கடற்பறவைகள் ஒதுங்கின. பெரும்பாலானவை இறந்து கிடந்தன. இந்தச் சாவு வழக்கமானதுதானா, வழக்கத்தை மீறியதா? இதற்குப் பதில் சொல்லக் கூடியவர், அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுக் கணக்கைக் கையில் வைத்திருப்பவர்தான். பர்க்ஹெட் பொதுமக்களிடம் கையேந்தினார். மக்கள் கொடுத்தார்கள். ஆய்வு தொடர்ந்தது.

நோயாளிக்குக் காய்ச்சல் என்று சொல்ல வேண்டுமானால், அவருடைய இயல்பான உடல்வெப்பம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? கடலுக்கும் அதே விதிதான்.

எண்ணெயும் நோயும்

1996 பிப்ரவரி 15ஆம் நாள், மில்போர்ட் ஹேவன் துறைமுக வாயிலில் 'சீ எம்ப்ரஸ்' என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியது. சுமார் 72,000 டன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. எண்ணெயில் தோய்ந்த ஏறத்தாழ 7,000 பறவைகள் கரையோரத்தில் சேகரிக்கப்பட்டன. ஷியர்வாட்டர்களும் பஃபின்களும் இன்னும் திரும்பி வராத மாதம் என்பதால் அவை பெரும்பாலும் தப்பின. தப்பாதது ஸ்கோட்டர் என்ற கரிய கடல்வாத்து. கார்மார்தன் விரிகுடாவில் குளிர்காலத்தைக் கழிக்க வந்த இவை எண்ணெயில் சிக்கிக்கொண்டன. அந்த விரிகுடா இவற்றுக்கு எவ்வளவு முக்கியமானது என்பதைக் கணக்குகள் எடுத்துக் காட்டின. 2003இல் அது பறவைகளுக்கான சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. முழுக்க முழுக்கக் கடலாகவே அமைந்த அத்தகைய பகுதி, பிரிட்டனில் அதுவே முதலாவது.

2022இல் வந்தது வேறு வகை ஆபத்து. கிராஸ்ஹோம் தீவு தொலைவிலிருந்து பார்த்தால் பனி மூடியதைப் போல் வெள்ளையாகத் தெரியும். அந்த வெண்மைக்குக் காரணம் நெருக்கமாக அமர்ந்திருக்கும் கேனட் பறவைகளும் அவற்றின் எச்சமும்தான். 1934இல் ஜூலியன் ஹக்ஸ்லியும் லாக்லியும் இங்கே எடுத்த ஆவணப்படம் பின்னாளில் ஆஸ்கார் விருது பெற்றது. அத்தகைய புகழ்பெற்ற தீவைப் பறவைக் காய்ச்சல் தாக்கியது. 2022இல் 34,491 ஆக இருந்த கூடுகளின் எண்ணிக்கை 2023இல் 16,482 ஆகச் சரிந்தது. ஒரே ஆண்டில் பாதிக்கு மேல் காலி! ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை இந்த இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

கணக்கு கைகொடுத்த இடங்கள்

நல்ல செய்திகளும் இருக்கின்றன. ராம்சி தீவில் கப்பல்கள் வழியாக வந்து சேர்ந்த எலிகள், முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று வந்தன. 1999–2000 குளிர்காலத்தில் எலிகள் முற்றாக ஒழிக்கப்பட்டன. அதற்கு முன் சுமார் 850 இணைகளாக இருந்த ஷியர்வாட்டர்கள் 2016இல் 4,796 இணைகளாகப் பெருகின.

பார்ட்சி தீவின் கலங்கரை விளக்கத்தில் சுழன்ற வெள்ளொளி, இருண்ட இரவுகளில் பறவைகளை ஈர்த்து மோதிச் சாகச் செய்தது. காலையில் அவற்றின் உடல்களை எடுத்து எண்ணியவர்கள் பல ஆண்டுகள் இதைச் சொல்லி வந்தார்கள். 2014இல் அந்த விளக்கு சிவப்பு நிறத்துக்கு மாற்றப்பட்டது. கப்பல்களுக்கும் வழி தெரிந்தது, பறவைகளும் பிழைத்தன.

ஸ்கோமரில் 2025இல் எண்ணப்பட்ட பஃபின்கள் 43,626. அந்தத் தீவின் கணக்கேடுகளில் அதுவே மிக உயர்ந்த எண்ணிக்கை. பிரிட்டன் முழுவதையும் எடுத்துக்கொண்டால் பஃபின் இன்னமும் ஆபத்துக்குரியவற்றின் சிவப்புப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆகவே ஒரு தீவின் வெற்றியைக் கண்டு மகிழலாம், அசந்துவிட முடியாது.

கரையில் நிற்பவரும் பங்காளியே

தீவுக்குப் போனால்தான் கடற்பறவையைக் காணலாம் என்பதில்லை. ஆங்கிள்சி பகுதியில் சவுத் ஸ்டாக் பாறைகளின் மேலிருந்தே கில்லிமோட்களைப் பார்க்கலாம். இலையுதிர் காலத்தில் வடமேற்கிலிருந்து பலத்த காற்று அடிக்கும்போது, நடுக்கடலில் செல்லும் பறவைகள் கரையோரம் ஒதுக்கப்படும். அந்த நாள்களில் ஸ்ட்ரம்பிள் முனையில், உலகப் போர்க் காலத்துக் கண்காணிப்புக் கூடம் ஒன்றுக்குள் பறவை பார்ப்பவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு காலத்தில் பகைவரின் கப்பல்களைத் தேடிய இடத்திலிருந்து, ஸ்பெயின் நாட்டுத் தீவுகளில் பிறந்து அழியும் நிலையிலுள்ள பலியாரிக் ஷியர்வாட்டர்களை எண்ணுகிறார்கள்.

செப்டம்பர் மாதப் புயல்களின்போது ஷியர்வாட்டர் குஞ்சுகள் காற்றில் அடிபட்டும், ஊர் விளக்குகளால் மயங்கியும் கடற்கரையிலும் தெருவிலும் விழும். சமதரையிலிருந்து அவற்றால் எழும்பிப் பறக்க இயலாது. 2011இல் நியூகேல் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் இப்படி விழுந்து கிடந்தன. ஊர்க்காரர்கள் அவற்றை அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்து, காற்று தணிந்த பிறகு கடலில் விடுவது வழக்கம்.

ஆக, எண்ணுவதால் மட்டும் எந்தப் பறவையும் பிழைத்துவிடுவதில்லை. ஆனால் எண்ணாத பறவை குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. தெரியாததற்கு யாரும் மருந்து தேட மாட்டார்கள். எலியை ஒழித்ததற்கும், விளக்கின் நிறத்தை மாற்றியதற்கும், விரிகுடாவைக் காத்ததற்கும் பின்னால், மழையில் நனைந்த ஏதோ ஒரு குறிப்பேடு இருக்கிறது. இனி எங்கேனும் ஒருவர் கடலைப் பார்த்து 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணிக்கொண்டிருந்தால், அவர் பொழுதைப் போக்கவில்லை, ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு எழப்போகும் ஒரு கேள்விக்கு இன்றே பதில் எழுதுகிறார் என்று கொள்ளலாம்.