வளையல் இறுகினால் மறைக்காதீங்க!

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருடம் இருக்கும். ஒருநாள் இடது கை வளையலைக் கழற்ற முடியவில்லை. "வேலை செஞ்ச அசதிதான். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்"னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. செய்தேன். வீக்கம் முழங்கை வரை ஏறியது. கூச்சப்பட்டு, முழுக்கை ரவிக்கை போட்டு மறைத்தேன்.

கடைசியில் பிசியோதெரபிஸ்ட்தான் விளக்கினார். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்ததால், நீர் வடியாமல் கையில் தேங்குகிறதாம்; வருடங்கள் கழித்தும் வரலாமாம். இப்போது பகலில் அளவெடுத்த இறுக்க உறை போடுகிறேன். தோள் வலிக்கு, விரல்களால் சுவரில் ஏறும் பயிற்சி. அரிவாள்மனையில் காயம் படாமல் கவனம். வீக்கம் பாதி குறைந்திருக்கிறது. முழுசா போகாதாம், அடக்கி வைக்கலாம். கை சிவந்து, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

தோழிகளே, நான் மறைத்த மாதிரி நீங்களும் மறைக்காதீங்க!

- ஒரு வாசகி, திருச்சி