ஆய்வுக்கூடத்தில் பத்து வாரம்

ஆஸ்திரேலியாவில் பொறியியல் இளநிலைப் பட்டம் நான்கு ஆண்டுப் படிப்பு. பட்டத்தின் பெயரோடு 'ஆனர்ஸ்' என்ற சொல்லும் சேர்ந்தே வரும். 2011இல் வகுக்கப்பட்ட தேசியத் தகுதிச் சட்டகத்தில் அது எட்டாம் படிநிலை. ஆய்வுப் பயிற்சி இல்லாமல் அந்தப் படிநிலையில் பட்டம் தர முடியாது. அதனால் சிட்னியிலும் மெல்பர்னிலும் பல பல்கலைக்கழகங்களில் இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வுத் திட்டம் ஒன்றை எடுத்துச் செய்தே பட்டம் பெறுகிறார்கள். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் வழி வேறு. 2008 முதல் அங்கே மூன்றாண்டு இளநிலை, அதன் மேல் இரண்டாண்டு முதுநிலை. பெரிய திட்டப் பணி முதுநிலையின் கடைசியில்தான் வரும்.

இறுதியாண்டு ஆய்வு எல்லோருக்கும் உண்டு. அதற்கு முன்பே ஆய்வுக்கூடத்துக்குள் கால் வைப்பவர்கள் சிலர்தான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான கோடை விடுமுறைதான் பெரும்பாலும் அதற்கான காலம். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பொறியியல் புலத்தின் 'டேஸ்ட் ஆஃப் ரிசர்ச்' திட்டம் பத்து வாரம் நடக்கும். சிட்னி, மொனாஷ் பல்கலைக்கழகங்களிலும், அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவிலும் இப்படிப்பட்ட திட்டங்கள் உண்டு. மாணவருக்கு ஓர் உதவித்தொகை, ஒரு மேற்பார்வையாளர், ஒரு கேள்வி. பெரும்பாலும் கூடவே ஒரு பிஎச்டி மாணவர். உண்மையில் தொழில் கற்றுத் தருபவர் அவர்தான்.

அந்தப் பத்து வாரத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சூரிய மின்கல ஆய்வுக்கூடத்தில் தெளிவாகப் பார்க்கலாம். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் 1974இல் தொடங்கிய ஆய்வுக்குழுவில்தான் 1983இல் 'பெர்க்' மின்கலத்தின் கருத்து பிறந்தது. பிற்காலத்தில் உலகெங்கும் கூரைகளில் ஏறிய பலகைகளில் பெரும்பகுதி அந்த வகையைச் சேர்ந்தது. அதற்காக கிரீனுக்கும் ஆண்ட்ரூ பிளேக்கர்ஸ், ஐஹுவா வாங், ஜியான்ஹுவா ஜாவோ ஆகியோருக்கும் 2023இல் குயின் எலிசபெத் பொறியியல் பரிசு கிடைத்தது. இதே இடத்தில் 2000இல், சூரிய மின்னாற்றலுக்கென்றே உலகின் முதல் இளநிலைப் பொறியியல் படிப்பும் தொடங்கியது.

இங்கே வரும் மாணவர் முதலில் எதையும் தொடுவதில்லை. பாதுகாப்புப் பயிற்சி, ஆபத்து மதிப்பீட்டுப் படிவம், மேற்பார்வையாளரின் கையெழுத்து என்று முதல் வாரம் போய்விடும். ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் இருக்கும் மேசைக்குத் தனிப் பயிற்சி முடிக்காமல் யாரையும் நெருங்க விடமாட்டார்கள். பிறகு கைக்கு வருவது ஒரு சிலிக்கான் வில்லை. தடிமன் சுமார் 0.15 மில்லிமீட்டர், இடுக்கியைச் சற்று அழுத்திப் பிடித்தாலும் உடைந்துவிடும். கழுவி, 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான உலையில் பாஸ்பரஸ் ஏற்றி, நீலப் பூச்சு பூசி, வெள்ளிக் கோடுகள் அச்சிட்டு, கடைசியில் செயற்கைச் சூரிய ஒளியில் வைத்து அளக்கிறார்கள். ஒளியின் அளவு சதுர மீட்டருக்கு 1,000 வாட், வெப்பநிலை 25 டிகிரி. இவை உலகம் முழுவதற்கும் பொதுவான அளவுகள்.

எதிர்பார்த்த திறன் வராதபோதுதான் ஆய்வு தொடங்குகிறது. வில்லையை ஒளிரவைத்துப் படமெடுக்கும் முறை ஒன்று உண்டு. அது வளர்ந்ததும் இதே பல்கலைக்கழகத்தில்தான். நல்ல பகுதி பளிச்சென்று தெரியும், பழுதான பகுதி இருண்டு கிடக்கும். ஓரத்தில் ஒரு கறுப்புக் கீற்று தெரிந்தால், அது உலையின் குற்றமா, அமிலத்தின் குற்றமா, மூன்று நாளுக்கு முன் தன் இடுக்கி பட்ட இடமா என்று மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். விடைத்தாளில் இல்லாத கேள்வி இது. தேர்வு எழுதியே வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பயிற்சிக்கு ஈடாக வேறெதுவும் இல்லை.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் இதே பயிற்சி உண்டு. அதே பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய 'சன்ஸ்விஃப்ட் 7' சூரியக் கார், 2022 டிசம்பரில் ஒரே மின்னேற்றத்தில் 1,000 கிலோமீட்டரை 12 மணி நேரத்துக்குள் கடந்து கின்னஸ் சாதனை படைத்தது. அடுத்த ஆண்டு டார்வினிலிருந்து அடிலெய்டு வரை 3,000 கிலோமீட்டர் நீளும் உலக சூரியக் கார் போட்டியில், பயணிகள் கார் பிரிவில் வென்றது.

இத்தனை பயனுள்ள வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் கவலைக்குரியது. சராசரி மதிப்பெண் முதல் சல்லடை. அதைத் தாண்டினாலும் பல திட்டங்களில் மேற்பார்வையாளரை மாணவரே தேடிப் பிடிக்க வேண்டும். முன்பின் தெரியாத பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதி, 'உங்கள் ஆய்வில் எனக்கு இடம் உண்டா' என்று கேட்க வேண்டும். பெற்றோர் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது சாதாரண விஷயம். ஆசிரியர் அழைத்தால் மட்டும் எழுந்து நிற்கப் பழகி, சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்த பிள்ளை, கேட்டால் அதிகப்பிரசங்கித்தனமாகிவிடுமோ என்று பேசாமல் இருந்துவிடுகிறது.

பணம் அடுத்த தடை. மாணவர் விசாவில் இருப்பவர்கள் 2023 ஜூலை முதல் படிப்புக் காலத்தில் இரு வாரத்துக்கு 48 மணி நேரமே வேலை செய்யலாம். விடுமுறையில் அந்த வரம்பு கிடையாது. அடுத்த தவணைக் கட்டணத்துக்குச் முழுநேரம் சம்பாதிக்கக் கிடைப்பது பெரும்பாலும் அந்தக் கோடைதான். ஆய்வுத் திட்டங்களும் பெரும்பாலும் அதே கோடையில்தான் நடக்கின்றன. சிலவற்றுக்குக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருந்தாக வேண்டும். கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்க்கிற மாணவர் பத்து வார உதவித்தொகையை நம்பி அந்த வேலையை விட முடியாது. உள்ளூர்ப் பிள்ளைக்கும் நெருக்கடி இல்லாமல் இல்லை. பல இடங்களில் பட்டம் பெற ஏறத்தாழ 60 நாள் தொழில்துறைப் பயிற்சியும் முடித்தாக வேண்டும். அதற்கும் இந்த விடுமுறையைத்தான் நம்ப வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் இடமும் பயிற்றுநர்களின் நேரமும் அளவானவை, மதிப்பெண்ணை விட்டால் நியாயமான அளவுகோல் வேறில்லை என்பது மறுதரப்பு வாதம். ஆனால் இழப்பு ஒரு கோடையோடு முடிவதில்லை. பிஎச்டி உதவித்தொகைப் போட்டியில் முதல் வகுப்பு ஆனர்ஸோடு முன் ஆய்வு அனுபவமும் கணக்கில் வருகிறது. இருபது வயதில் கதவு திறக்காதவருக்கு இருபத்துமூன்று வயதிலும் அது திறப்பது கடினம்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடியில் 1969இல் மார்கரெட் மக்விகர் தொடங்கிய இளநிலை ஆய்வுத் திட்டத்தில், மாணவர் படிப்புக் காலத்திலேயே ஆய்வில் சேரலாம். அதற்கு ஊதியமோ பாட மதிப்போ பெறலாம். சிட்னியிலும் வெவ்வேறு ஆண்டுகளில் படிக்கும் மாணவர்கள் ஒரே திட்டத்தில் சேர்ந்து பாட மதிப்புக்காக வேலை செய்யும் முறை தொடங்கியிருக்கிறது. ஆய்வு பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டால், வேலையா ஆய்வா என்று கோடையில் திண்டாட வேண்டியதில்லை.

2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுபவர்கள் 95,000 பேருக்கு மேல். சிட்னியின் வென்ட்வர்த்வில்லிலும் மெல்பர்னின் டாண்டினாங்கிலும் பிள்ளைகளைப் பொறியியலில் சேர்த்திருக்கும் பெற்றோர், மதிப்பெண்ணை விசாரிக்கும்போது, எந்தப் பேராசிரியருக்கு எழுதினாய் என்றும் விசாரிக்க வேண்டும். கோடைத் திட்டங்களுக்கு அதே ஆண்டின் குளிர்காலத்திலோ வசந்தத்திலோ விண்ணப்பித்துவிட வேண்டும். டிசம்பரில் தேடினால் இடமிருக்காது.