நெசவுத் தொழில்நுட்பமும் வேலைவாய்ப்பும்

தொழில்நுட்ப வளர்ச்சி வேலையை அழிக்கிறதா, உழைப்பின் சுமையைக் குறைக்கிறதா என்பது பொருளியலில் நெடுங்காலமாக விவாதிக்கப்படும் கேள்வி. திண்டுக்கல் மாவட்டத்தில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு துணித் தொழில். இம்மாவட்டத்தில் சின்னாளப்பட்டி சேலைகளுக்கும், நத்தம் ஆயத்தச் சட்டைகளுக்கும் பெயர் பெற்றவை.

இரண்டு கருவிகள், இரண்டு விளைவுகள்

பழைய தறியில் நாடாவைக் கையால் எறிய வேண்டும். அகலமான துணிக்கு இருவர் தேவைப்பட்டனர். 1733-இல் இங்கிலாந்தின் ஜான் கே உருவாக்கிய விசைநாடாவால் அவ்வேலையை ஒருவரே செய்ய முடிந்தது. பின்னர் தமிழக நெசவாளர்களும் அதை ஏற்றனர். தறி அவர்கள் வீட்டிலேயே இருந்ததால், கூடுதலாக நெய்த துணியின் கூலியும் வீட்டுக்கே வந்தது.

விசைத்தறி அப்படியன்று. ஒரு தொழிலாளி ஒரே நேரத்தில் பல தறிகளைக் கவனிப்பார். துணி மலிவாகிறது, அந்த விலைக்குக் கைத்தறியில் நெய்தால் கூலி கட்டாது.

சட்டமும் உதவியும்

1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் முதலில் 22 வகைத் துணிகள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. இந்தியக் கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை 1995–96 கணக்கெடுப்பில் சுமார் 65 லட்சம். 2019–20-இல் சுமார் 35 லட்சம்.

எல்லா இயந்திரமும் நெசவாளருக்குப் பகையன்று. ஜக்கார்டு பெட்டியை மிதித்துத் தூக்கும்போது காலும் முதுகும் நோகும். அதை மோட்டாரால் தூக்கும் கருவிக்கு மத்திய அரசு 2016 முதல் ஒரு திட்டத்தின்கீழ் 90 விழுக்காடு வரை மானியம் அளித்தது. இங்கு வலி குறைகிறது, வேலை போவதில்லை.

புதிய வேலைகள்

மலிவான துணி, தையல் கூடங்களுக்கு வேலை தருகிறது. ஆனால் முப்பது ஆண்டுகள் தறியில் அமர்ந்தவர் ஐம்பது வயதில் தையல்காரராவது எளிதன்று. பெரும்பாலும் இழப்பு ஒரு தலைமுறைக்கும் ஆதாயம் அடுத்த தலைமுறைக்கும் சேர்கிறது.

மதிப்பீடு

நூறு ஆண்டுகளில் வாரத்துக்கு 15 மணி நேர வேலையே போதுமானதாகிவிடும் எனப் பொருளியலாளர் கெயின்ஸ் 1930-இல் எழுதினார். உற்பத்தி பெருகியது, வேலைநேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரம் தானாகவே உழைப்பவருக்கு ஓய்வாக மாறுவதில்லை. கருவி யாருடையது, கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது, வேலை இழந்தவருக்கு மாற்றுவழி உண்டா என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன.